தமிழ்நாட்டில் எம்டி கம்யூனிட்டி மெடிசின் முடித்தவர் பிரிட்டனில் ஸ்பெஷலிஸ்டாகப் பதிவு பெற முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ், அதன்பின் எம்டி கம்யூனிட்டி மெடிசின், அதாவது சமுதாய மருத்துவம், பிறகு 9 ஆண்டுகள் மாவட்டப் பொது சுகாதாரப் பணி. கணவருக்கு மான்செஸ்டரில் வேலை கிடைத்திருக்கிறது; இன்னும் ஏழெட்டு மாதத்தில் குடும்பத்தோடு கிளம்புகிறீர்கள். அங்கே உங்களை ஸ்பெஷலிஸ்டாகப் பதிவு செய்வார்களா, வெளிநாட்டு மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வை எழுதியே ஆக வேண்டுமா, மறுபடியும் ரெஜிஸ்ட்ராராக, அதாவது பயிற்சியில் இருப்பவராகத் தொடங்க வேண்டியிருக்குமா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: இந்த 9 ஆண்டு உழைப்பு அங்கே கணக்கில் வருமா? வரும், டாக்டர். ஆனால் எம்டி சான்றிதழ் அதைச் சுமந்துகொண்டு வராது. நீங்கள் கிளம்பும் முன் சேர்த்து எடுத்து வரும் காகிதங்கள்தான் சுமந்து வரும். அதனால்தான் இந்தப் பதிலை இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

நானும் அதே வழியில் வந்தவன். தமிழ்நாட்டில் படித்து, மாவட்டத்தில் வேலை பார்த்து, இங்கிலாந்துக்கு வந்து, 2012-ல் ஸ்பெஷலிஸ்ட் பதிவுக்கு விண்ணப்பித்து, முதல் தடவை நிராகரிக்கப்பட்டு, மறுபரிசீலனையில் பதிவு பெற்றவன். அதற்குப் பிறகு இதே பாதையில் வரும் பலருடைய கோப்புகளைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லியிருக்கிறேன். நான் மதிப்பீட்டாளன் அல்ல. உங்கள் கோப்பைப் பார்க்காமல் தேறுமா தேறாதா என்று சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. விதிகளைப் பற்றி நான் சொல்வது உறுதியானது. எது தேறும் என்று சொல்வது அனுபவத்தில் வந்த கணிப்பு. இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஜெனரல் மெடிக்கல் கவுன்சில், அதாவது ஜிஎம்சி, வைத்திருக்கும் மருத்துவர் பதிவேடு வேறு. அதற்குள் இருக்கும் ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டர் வேறு. முதலாவதில் இருந்தால் மருத்துவராக வேலை செய்யலாம். இரண்டாவதில் இருந்தால்தான் என்எச்எஸ்-ல், அதாவது பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையில், நிரந்தரக் கன்சல்டன்ட் (மூத்த நிபுணர்) பதவிக்குப் போக முடியும். 1997 ஜனவரி 1 முதல் இது சட்டம். இந்தியாவின் எம்டி பட்டம் எந்தத் துறையில் வாங்கியதாக இருந்தாலும், அதைக் காட்டிய உடனே ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டரில் பெயர் ஏறாது. இலங்கையில் எம்டி முடித்து போர்ட் சர்டிஃபிகேஷன் வாங்கிய சமுதாய மருத்துவ நிபுணர்களுக்கும் இதே நிலைதான். உங்கள் படிப்பைக் குறைத்துப் பார்க்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. நம் நாடுகளின் பட்டங்களைப் பட்டத்துக்குப் பட்டம் என்று நேராக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடே கிடையாது, அவ்வளவுதான்.

இங்கே பொது சுகாதாரம் மற்ற மருத்துவத் துறைகளிலிருந்து ஒரு விஷயத்தில் அடியோடு மாறுபடும். மருத்துவர் அல்லாதவரும் அதே பயிற்சியை முடித்து, அதே தேர்வுகளை எழுதி, அதே கன்சல்டன்ட் பதவிக்கு வரலாம். அவர்களுக்கான பதிவேடு யூகேபிஎச்ஆர், 2003-ல் தொடங்கியது. கன்சல்டன்ட் வேலை விளம்பரங்களில் ஜிஎம்சி, பல் மருத்துவ கவுன்சில், யூகேபிஎச்ஆர் இவற்றுள் ஏதாவது ஒன்றில் ஸ்பெஷலிஸ்டாகப் பதிவு வேண்டும் என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். உங்கள் பக்கத்து மேசை கன்சல்டன்ட் புள்ளியியல் படித்தவராகவோ செவிலியராக இருந்து வந்தவராகவோ இருக்கலாம். நம் ஊர் அமைப்பில் ஊறியவர்களுக்கு இது முதலில் நெருடும். வேலைக்குள் போய்ப் பார்த்தால் அதன் நியாயம் புரியும்.

வேலை எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் 2013 ஏப்ரல் முதல் பொது சுகாதார இயக்குநரும் அவருடைய குழுவும் உள்ளாட்சி மன்றங்களில் இருக்கிறார்கள், மருத்துவமனைகளில் அல்ல. தொற்றுநோய், ரசாயன விபத்து போன்றவற்றுக்கு யூகே ஹெல்த் செக்யூரிட்டி ஏஜென்சி தனியாக இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இன்னும் என்எச்எஸ் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. இதில் ஒரு பழைய கதை உண்டு. 1847-ல் லிவர்பூல் நகரம் டாக்டர் வில்லியம் ஹென்றி டங்கனை மெடிக்கல் ஆஃபீசர் ஆஃப் ஹெல்த்தாக (எம்ஓஎச், நகரின் சுகாதார அதிகாரி) நியமித்தது. நாட்டிலேயே முதல் நியமனம். 1974-ல் அந்தப் பதவியை எடுத்துவிட்டு, பொது சுகாதார மருத்துவர்களை என்எச்எஸ்-க்குள் கொண்டுபோனார்கள். 2013-ல் மறுபடி நகராட்சிப் பக்கம் வந்தது. இலங்கையில் எம்ஓஎச் இன்றும் இருக்கிறார். நமக்கும் 1939-ஆம் ஆண்டின் மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் இருக்கிறது. சுகாதார அலுவலர் என்ற தனி அணியும் இருக்கிறது. ஆகவே ஊராட்சித் தலைவரிடமும் நகராட்சி ஆணையரிடமும் பேசிப் பேசி நீங்கள் பழகிய பழக்கம் இங்கே வீண் போகாது. இங்கே பிறந்து படித்த பலருக்குக் கூட அது பயிற்சியில்தான் வருகிறது.

இனி வழிகள். ஒன்று, ஜிஎம்சி ஏற்ற ஐந்தாண்டுப் பயிற்சியை இங்கேயே முடித்து சிசிடி சான்றிதழ் பெறுவது. இரண்டு, போர்ட்ஃபோலியோ பாத்வே, அதாவது இதுவரை செய்த வேலைக்கான ஆவணங்களைக் கோப்பாகத் திரட்டிக் காட்டிப் பதிவு கேட்பது. சீசர் என்று சீனியர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதன் புதிய பெயர்தான் இது, 2023 நவம்பர் 30 முதல். மூன்றாவதாக, ஐரோப்பிய நாடுகளில் ஸ்பெஷலிஸ்ட் தகுதி பெற்றவர்களுக்கு ஒரு தனி வழி உண்டு. அது உங்களுக்குப் பொருந்தாது.

2023-ல் பெயர் மட்டும் மாறவில்லை. சீசர் காலத்தில் நீங்கள் சிசிடி முடித்தவருக்குச் சமம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. பாடத்திட்டத்தின் ஒவ்வொரு மூலையையும் தொட்டுக்காட்டச் சொல்வார்கள். இப்போது கேட்பது, பிரிட்டனில் இந்தத் துறை ஸ்பெஷலிஸ்டாக வேலை செய்யத் தேவையான அறிவும் திறனும் அனுபவமும் உங்களிடம் இருக்கிறதா என்பது. கேட்க இலகுவாகத் தெரிந்தாலும், அளவுகோல் இன்னமும் அதே பாடத்திட்டத்தின் உயர்நிலைத் தகுதிகள்தான். ஆகவே 2023-க்கு முன்னால் எழுதிய வழிகாட்டிகளை வைத்துக் கோப்பு தயாரிக்காதீர்கள். சீனியர் ஒருவர் அன்போடு அனுப்பிய பழைய டெம்ப்ளேட்டை வைத்தும் வேண்டாம். ஜிஎம்சி தளத்தில் பொது சுகாதாரத்துக்கென்றே ஒரு வழிகாட்டி இருக்கிறது. அதை அச்சடித்து, பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். கட்டணம் ஆயிரம் பவுண்டுக்கு மேல். ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்க அடிப்படைத் தகுதி, இந்தத் துறையில் ஒரு ஸ்பெஷலிஸ்ட் பட்டம் அல்லது குறைந்தது ஆறு மாதத் தொடர்ச்சியான ஸ்பெஷலிஸ்ட் பயிற்சி. உங்கள் எம்டி வேலை செய்யும் இடம் இதுதான். உள்ளே நுழைய அது கதவைத் திறந்துவிடும். உள்ளே போனபின் நீங்கள் பேச வேண்டும்.

மதிப்பீடு செய்பவர்கள் ஃபேக்கல்டி ஆஃப் பப்ளிக் ஹெல்த். 1972-ல் ஃபேக்கல்டி ஆஃப் கம்யூனிட்டி மெடிசின் என்ற பெயரில் தொடங்கிய அமைப்பு இது. ஃபேக்கல்டி கோப்பைப் படித்துப் பரிந்துரைக்கும். முடிவு ஜிஎம்சி கையில். பாடத்திட்டத்தில் பத்துப் பகுதிகள். சுகாதாரத் தரவைக் கையாளுதல், ஆய்வுச் சான்றுகளை எடைபோடுதல், கொள்கை வகுத்தல், தலைமை ஏற்றுப் பிறரோடு சேர்ந்து இயங்குதல், சுகாதார மேம்பாடு, தொற்று மற்றும் சுற்றுச்சூழல் ஆபத்துகளிலிருந்து மக்களைக் காத்தல், மருத்துவ சேவைகளைத் திட்டமிட்டு மதிப்பிடுதல், ஆய்வும் கற்பித்தலும், தொழில் ஒழுக்கமும் தன்வளர்ச்சியும், கடைசியாக இவை எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து ஒரு கன்சல்டன்டாக இயங்குவது.

நம் ஊரிலிருந்து வருபவர்களின் கோப்புகளில் ஆறாவது பகுதி எப்போதும் பெருத்திருக்கும். டெங்கு, காலரா, தட்டம்மை, கோவிட் எல்லாம் கையால் தொட்டுச் செய்தவை. இங்கே ஒரு ரெஜிஸ்ட்ரார் ஐந்து ஆண்டில் பார்க்காத கொள்ளைநோய்களை நீங்கள் ஒரே மழைக்காலத்தில் பார்த்திருப்பீர்கள். எட்டாவதும் பரவாயில்லை, தீசிஸ், கட்டுரைகள், மாணவர்களுக்கு எடுத்த வகுப்புகள் இருக்கும். மூன்றாவதிலும் ஏழாவதிலும்தான் கோப்பு ஒல்லியாகிவிடுகிறது. காரணம், கொள்கை சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வரும், நாம் நடைமுறைப்படுத்துவோம் என்று நாமே நம்பிப் பழகிவிட்டோம். உண்மையில் நீங்கள் செய்திருப்பீர்கள், அதற்கு இந்தப் பெயர் என்று தெரியாமல் இருந்திருப்பீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் வட்டாரத்தில் ரத்த அழுத்த மாத்திரை வாங்குபவர்களில் எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, யார் விடுபட்டுப்போகிறார்கள், செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுப்பது ஏன் பயன்படவில்லை என்று எப்போதாவது கணக்கெடுத்து, அதை வைத்து நேரத்தையோ இடத்தையோ மாற்றினீர்களா? அது ஏழாவது பகுதி. பள்ளிக்கு அருகில் புகையிலை விற்பதைத் தடுக்கக் கலெக்டர் கூட்டத்தில் ஒரு முன்மொழிவை வைத்து, வணிகர் சங்கத்தோடு பேசி, மாவட்ட அளவில் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தீர்களா? அது மூன்றாவதும் நான்காவதும்.

இப்போது நான் எப்படித் தோற்றேன் என்று சொல்கிறேன். உங்களுக்கு மிகவும் உதவப்போவது இதுதான். அந்தக் காலத்தில் எல்லாம் காகிதம். 1,100 பக்கத்தை அட்டைப்பெட்டியில் அடுக்கி மான்செஸ்டரில் உள்ள ஜிஎம்சி அலுவலகத்துக்கு அனுப்பினேன். அதில் நான் பெரிதும் நம்பியிருந்தது ஒரு வயிற்றுப்போக்கு அறிக்கையை. ஒரு கிராமத்தில் மூன்று நாளில் 43 பேருக்குப் பேதி. இரண்டாம் நாள் மாலை நான் போய்ச் சேர்ந்தேன். வரைபடம் கிடையாது, சுகாதார ஆய்வாளர் தன் பைக்கின் பின்னால் என்னை உட்காரவைத்துத் தெருத்தெருவாகச் சுற்றினார். நோயாளிகளில் பெரும்பாலோர் மேல்நிலைத் தொட்டியின் கிழக்குக் குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள். அந்தக் குழாய் ஓரிடத்தில் சாக்கடைக்குள் இறங்கி ஏறுகிறது. அங்கே ஒரு இணைப்பில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தெருமுனைக் குழாயில், தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று காட்டும் குளோரோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் நிறமே வரவில்லை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு மாதிரி அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்காமல் அன்று இரவே கிழக்கு வரிசைத் தண்ணீரை நிறுத்திவிட்டு லாரியில் விடச் சொன்னேன். திருவிழா நேரம். ஊராட்சித் தலைவர் கோபப்பட்டார். அரைமணி நேரம் அவருடைய திண்ணையில் உட்கார்ந்து, எந்த வீட்டுக் குழந்தைக்கு என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு அவரே லாரிக்குப் போன் போட்டார்.

இதில் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள். தரவு, நோயியல் ஊகம், ஆய்வகம் சொல்வதற்கு முன் நிச்சயமின்மையோடு எடுத்த முடிவு, அரசியல் தலைமையோடு பேச்சு, பிறகு ஊராட்சியைக்கொண்டு குழாயையே மாற்றி அமைத்தது. ஒரு கன்சல்டன்டிடம் கேட்பது அத்தனையும் அந்த ஓர் இரவில் இருந்தது. அறிக்கையில் என்ன இருந்தது தெரியுமா? "தகவல் கிடைத்ததும் மருத்துவக் குழு விரைந்து சென்று முகாம் அமைத்தது. குடிநீர் விநியோகம் நிறுத்தப்பட்டு மாற்று ஏற்பாடு செய்யப்பட்டது. நோய் கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது." கீழே என் மேலதிகாரியின் கையெழுத்து. என் பெயர் எங்கும் இல்லை. நிராகரித்து வந்த கடிதத்தில் அந்த ஆவணத்துக்கு எதிரே எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: விண்ணப்பதாரருடைய பங்கு தெரியவில்லை.

அவர்கள் எழுதியது சரி. நம் அலுவலகத் தமிழில் எழுவாய் கிடையாது. எல்லாம் 'எடுக்கப்பட்டது', 'மேற்கொள்ளப்பட்டது', 'அறிவுறுத்தப்பட்டது'. அதற்கு நம் துறையில் ஒரு நல்ல காரணமும் உண்டு. பொது சுகாதார வேலை கூட்டு வேலை, ஒருவர் பெயரைப் போட்டுக்கொள்வது அழகல்ல என்று வளர்ந்திருக்கிறோம். அறுவை சிகிச்சை நிபுணருக்கு லாக்புக் இருக்கிறது. எத்தனை அறுவை, எதில் முதன்மை, எதில் உதவி என்று எண்ணிக் காட்டிவிடுவார். நமக்கு அது இல்லை. ஆகவே 9 ஆண்டில் நீங்கள் எடுத்த நூறு முடிவுகள் எழுவாய் இல்லாத வாக்கியங்களுக்குள் கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுப்பதுதான் போர்ட்ஃபோலியோவின் முழு வேலையும்.

எப்படி எடுப்பது? அதே பேதி நிகழ்வுக்கு மறுபரிசீலனையின்போது நான் வேறுவிதமாகச் செய்தேன். நிராகரிப்புக்குப் பிறகு 12 மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். குறைகண்ட பகுதிகளுக்கு மட்டும் புதிய ஆவணம் சேர்க்கலாம். அதிகாரப்பூர்வ அறிக்கையை அப்படியே வைத்தேன். அதோடு, அன்று என் கையால் எழுதிய லைன்லிஸ்ட், அதாவது நோயாளிகளின் விவரப் பட்டியல், பெயர்களை அழித்துவிட்டு. நான் வரைந்த நோய்ப்பரவல் வளைகோடு. குழாய் உடைந்த இடத்தைக் காட்டி நான் கையெழுத்திட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பிய கடிதம். அன்று உடனிருந்த சுகாதார ஆய்வாளரும் என் மேலதிகாரியும், முடிவை எடுத்தது நான்தான் என்று தனித்தனியாக எழுதிக்கொடுத்த கடிதங்கள். கடைசியாக ஒன்றரைப் பக்கச் சிந்தனைக் குறிப்பு: என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை, ஏன் காத்திருக்காமல் நிறுத்தினேன், நிறுத்தியது தவறாகிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், இன்று நடந்தால் எதை மாற்றிச் செய்வேன். அந்தக் குறிப்பை எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது. 'நான் முடிவெடுத்தேன்' என்று எழுதவே கை கூசியது. கூச வேண்டியதில்லை, டாக்டர். உங்களோடு உழைத்தவர்களின் பங்கையும் அதே நேர்மையோடு எழுதினால், உங்கள் பங்கை எழுதுவது தற்பெருமை ஆகாது.

சில நடைமுறை விதிகளைச் சொல்லிவிடுகிறேன். நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் கோப்பில் இருக்கக்கூடாது. லைன்லிஸ்டில் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் மறைய வேண்டும். மாவட்டத்தில் நாம் இதில் கொஞ்சம் அசட்டையாக இருந்து பழகியவர்கள். ஆனால் இங்கே ஒரு பெயர் தப்பி நின்றாலும் உங்கள் தொழில் ஒழுக்கத்தைப் பற்றியே கேள்வி எழும். தமிழில் உள்ள ஆவணங்களுக்கு அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்பு வேண்டும். உங்கள் மருத்துவப் பட்டங்களை எபிக் என்ற சேவை மூலம் பல்கலைக்கழகத்திடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். பல்கலைக்கழகம் பதில் போட மாதக்கணக்கில் ஆகலாம், ஊரில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். வேலை சம்பந்தப்பட்ட ஆவணங்களுக்கு, அந்த இடத்தில் பொறுப்பில் உள்ள ஒருவர் இவை உண்மையானவை என்று உறுதிசெய்ய வேண்டும். பழைய ஆவணங்களுக்கு எடை குறைவு. கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் செய்ததைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். ரெஃபரிகள், அதாவது உங்களைப் பற்றிச் சான்றுக் கடிதம் தருபவர்கள் விஷயத்தில் ஒரு தவறை அடிக்கடி பார்க்கிறேன். பெரிய பதவியில் இருப்பவரைத் தேடிப்போகிறார்கள். அந்த இயக்குநர், நீங்கள் நல்லவர், திறமையானவர் என்று இரண்டு வரி எழுதித் தருவார். அதற்கு மதிப்பே இல்லை. உங்களோடு நாள்தோறும் உழைத்து, பத்துப் பகுதிகளுக்கும் உதாரணத்தோடு எழுதக்கூடியவர் வேண்டும். அவருக்குப் பாடத்திட்டத்தை அனுப்பி, உட்கார்ந்து விளக்குங்கள்.

தேர்வுகள். ஃபேக்கல்டி நடத்துபவை இரண்டு: டிப்ளமேட் தேர்வு, இறுதி மெம்பர்ஷிப் தேர்வு. பழைய ஆட்கள் பார்ட் ஏ, பார்ட் பி என்பார்கள். முதலாவது எழுத்துத் தேர்வு. தொற்றுநோயியல், புள்ளியியல், சுகாதாரப் பொருளாதாரம், சமூகவியல், நிர்வாகம் எல்லாம் வரும், ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்து அலசச் சொல்வார்கள். எம்டிக்குப் படித்தவருக்குப் பாதி பழக்கமானது. பொருளாதாரமும் சமூகவியலும்தான் கை நழுவும். இரண்டாவது பேச்சுத் தேர்வு. ஒரு பத்திரிகையாளரோ கவுன்சிலரோ கவலையோடு வந்த தாயோ முன்னால் உட்கார்ந்திருப்பார். சில நிமிடத் தயாரிப்புக்குப் பிறகு அவருக்கு விளங்கும்படி, உறுதியாகத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். போர்ட்ஃபோலியோவுக்கு இவை கட்டாயமில்லை. அறிவை வேறு ஆவணங்களால் காட்டலாம் என்றுதான் விதி. ஆனால் முதல் தேர்வையாவது வென்று வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. மதிப்பீட்டாளருக்கு உங்கள் பல்கலைக்கழகம் தெரியாது, தன் ஃபேக்கல்டியின் தேர்வு தெரியும். அதோடு, பயிற்சியில் இல்லாதவரும் அந்த முதல் தேர்வை எழுதலாம்.

பிளாப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்பெஷலிஸ்ட் பதிவுக்குத் தகுதி உண்டு என்று முடிவாகிவிட்டால், அதையே மருத்துவ அறிவுக்கான சான்றாக வைத்து ஜிஎம்சி பதிவு பெறலாம், பிளாப் தேவையில்லை. ஆங்கிலத் தகுதியை மட்டும் காட்ட வேண்டும்: ஐஇஎல்டிஎஸ் என்றால் மொத்தம் 7.5, எந்தப் பிரிவிலும் 7-க்குக் குறையாமல், அல்லது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி. இது விதி. நடப்பு என்னவென்றால், பிரிட்டனில் ஒருநாள்கூட வேலை செய்யாமல் ஊரிலிருந்தே போர்ட்ஃபோலியோ அனுப்பி வெல்வது அபூர்வம். இங்கே வந்து ஓரிரு ஆண்டு உள்ளாட்சியிலோ ஹெல்த் செக்யூரிட்டி ஏஜென்சியிலோ வேலை பார்த்து, மூன்றாவதையும் ஏழாவதையும் நிரப்பிக்கொண்டு விண்ணப்பிப்பவர்களைத்தான் நான் வெற்றிபெறப் பார்த்திருக்கிறேன். அந்த இடைக்கால வேலைகளில் பலவற்றுக்கு மருத்துவப் பதிவே கேட்க மாட்டார்கள். பப்ளிக் ஹெல்த் பிராக்டிஷனர், ஹெல்த் புரொடெக்‌ஷன் பிராக்டிஷனர், பிரின்சிபல், அனலிஸ்ட் போன்ற பெயர்களில் வரும். சம்பளமும் பதவியும் உங்களுக்குச் சற்றுக் கீழேதான். ஆனால் ஒரு நல்ல மேலாளர் கிடைத்தால் அந்த இரண்டு ஆண்டு பொன்.

அப்படியானால் பிளாப் யாருக்கு? பயிற்சித் திட்டத்தில் மருத்துவராகச் சேர நினைப்பவருக்கு. அதற்கு ஜிஎம்சி முழுப்பதிவும் உரிமமும் வேண்டும்; அடிப்படை மருத்துவத் திறன்களை உறுதிசெய்யும் கிரெஸ்ட் படிவமும் வேண்டும். 9 ஆண்டாக ஸ்டெதாஸ்கோப்பைத் தொடாதவருக்கு இசிஜியும் அவசர சிகிச்சையும் மறுபடி படிப்பது சுலபமில்லை, கிரெஸ்ட் படிவத்தில் கையெழுத்திட ஆள் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். அதன்பிறகும் பயிற்சிக்கான நாடு தழுவிய தேர்வு இருக்கிறது. திறனாய்வுச் சிந்தனை, எண்கணிதத் தர்க்கம், சூழ்நிலைத் தீர்வு என்று மூன்று கணினித் தேர்வுகள், பிறகு தேர்வு மையம். இடங்கள் மிகக் குறைவு, போட்டி மிகக் கடுமை.

மறுபடி ரெஜிஸ்ட்ராரா என்ற உங்கள் கேள்விக்குள் ஒரு வருத்தம் இருப்பது எனக்குக் கேட்கிறது. எனக்கும் இருந்தது. ஆனால் இங்கே ரெஜிஸ்ட்ரார்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். வேறு துறையில் பெரிய பொறுப்பை விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். அது தரம் இறங்குவதாக யாரும் பார்ப்பதில்லை. பயிற்சியில் சேர்ந்தால் ஐந்து ஆண்டு சம்பளம், மேற்பார்வையாளர், சக பயிலுநர்கள், முடிவில் உறுதியான சிசிடி. போர்ட்ஃபோலியோவில் இவை எதுவும் இல்லை; இரவு நேரங்களில் தனியாக உட்கார்ந்து கோப்பு தயாரிக்க வேண்டும், முடிவும் நிச்சயமில்லை. உங்களுக்கு முப்பது வயது, இரண்டு ஆண்டு அனுபவம் என்றால் தயங்காமல் பயிற்சி என்பேன். மாவட்டப் பொறுப்பில் 9 ஆண்டு என்பதால் போர்ட்ஃபோலியோவை முதன்மையாக வைத்து, டிப்ளமேட் தேர்வை முதலாண்டிலேயே எழுதி, இங்கே ஒரு பணியில் சேரச் சொல்கிறேன். அது சரிவராமல் போனாலும் அந்தத் தேர்வும் அந்தப் பணி அனுபவமும் வேறு எந்த வழிக்கும் உதவும், ஒன்றும் வீணாகாது. இது என் கணிப்பு. உங்கள் குடும்பச் சூழலும் குழந்தைகளின் வயதும் இதை மாற்றலாம்.

இப்போதைக்கு மிக அவசரமானது ஒன்றுதான். பணியிலிருந்து விடுவிப்பு ஆணை கைக்கு வந்த மறுநாள் முதல் நீங்கள் அந்த அலுவலகத்துக்கு வெளியாள். பிறகு ஒரு கோப்பின் நகல் வாங்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட வேண்டிய நிலை வரும். எனக்கு வந்தது. ஆகவே இந்த ஏழெட்டு மாதத்தில் பத்து நிகழ்வுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முறையாக அனுமதி கேட்டு நகல் எடுத்து, அலுவலக முத்திரையும் உங்கள் மேலதிகாரியின் கையெழுத்தும் தேதியோடு வாங்குங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளில் உங்கள் பெயர் வரும் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். உங்களோடு களத்தில் நின்ற சுகாதார ஆய்வாளர்களும் கிராம செவிலியர்களும் ஓய்வுபெறுவதற்கு முன், இடமாற்றம் ஆவதற்கு முன், ஆளுக்கொரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதட்டும், மொழிபெயர்த்துக்கொள்ளலாம். யார் என்ன செய்தார்கள் என்று மட்டும் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். 'நிறுத்தப்பட்டது' வேண்டாம், 'டாக்டர் நிறுத்தச் சொன்னார், நான் போய் வால்வை மூடினேன்' என்று.